என்ஜின் ஏன் இப்படி ஆடுகிறது? இறுக்கிப் போல்ட் போட்டால் என்ன?

1. கேள்விக்குறி

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், முன்சக்கர இழுவை, மேனுவல் கியர். வயது ஒன்பது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. கொஞ்ச நாளாக முதல் கியரில் கிளட்சை விடும்போது கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

பானெட்டைத் திறந்து வைத்தேன். தம்பியை ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுக் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கச் சொன்னேன். என்ஜின் மொத்தமும் தலையைப் பின்னால் சாய்த்து, மறுபடி முன்னால் வந்து விழுந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், என்ஜினையும் காரின் முன்பக்க அடிச்சட்டமான சப்ஃப்ரேமையும் இணைக்கும் அந்தச் சின்ன எலும்பு போன்ற ராடின் ரப்பர் கிழிந்து தொங்குகிறது.

சரி, மாற்றுகிற கையோடு நல்லதாக மாற்றிவிடலாம் என்று ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக் புஷ் போட்ட ராடு வாங்கினேன். என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டிகளில், வலது பக்க மேல் மவுண்டிங்கும் வெடித்திருந்தது, அதையும் நானே மாற்றினேன். டொக் சத்தம் போய்விட்டது. ஆனால் சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஏசி போட்டால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியே இரண்டாகத் தெரிகிறது.

என் கேள்வி இரண்டு. ஒன்று, இப்போது என்ன செய்வது? இரண்டு, இவ்வளவு எடையுள்ள சாமானை ஏன் ரப்பரில் தொங்கவிடுகிறார்கள்? சட்டத்தோடு சேர்த்து நேராக போல்ட் போட்டு இறுக்கினால் என்ன?

2. கிரீஸ் கை

போல்ட்டை இறுக்கியபோது ஜாக்கி அடியில் இருந்ததா, எடுத்துவிட்டீர்களா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

3. நேர்வரிசை ஆறு

பாலியூரித்தேன் மேல் பழி போடாதீர்கள். என் பின்சக்கர இழுவைக் காரில் இரண்டு மவுண்டிங்கும் பாலியூரித்தேன்தான். மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. கியர் மாற்றுவது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. பிரச்சினை மவுண்டிங்கில் இல்லை நண்பரே, என்ஜினைக் குறுக்கே படுக்க வைத்ததில் இருக்கிறது. என்ஜின் என்றால் நீளவாக்கில் உட்கார வேண்டும், பின்சக்கரத்தைத் தள்ள வேண்டும். மற்றதெல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த சமரசம்.

4. நெம்புகோல்

கேள்விக்குறி, இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலாவதற்கு கிரீஸ் கை அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், அவர் காரணம் இல்லாமல் கேட்க மாட்டார்.

கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உங்கள் என்ஜினில் இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஐட்லிங், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும் வேகம், 750 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 750 சுற்று) என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12.5 சுற்று, ஆக 25 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்புக்கும் என்ஜின் கிராங்கை ஒரு பக்கம் திருப்ப, கிராங்க் என்ஜினை மறுபக்கம் திருப்பிவிடும். அதாவது நீங்கள் சிக்னலில் சும்மா நிற்கும்போதும் யாரோ நொடிக்கு 25 முறை அந்த இரும்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நேராக போல்ட் போட்டால் அந்தத் தட்டு முழுசாகக் காரின் உடலுக்குப் போகும். கார் ஒரு மேளம் ஆகிவிடும்.

ரப்பர் எப்படிக் காப்பாற்றுகிறது? ரப்பர் மேல் உட்கார்ந்த எடைக்கு, ஊஞ்சலுக்கு இருப்பது போல, இயல்பான ஆட்ட வேகம் ஒன்று உண்டு. தட்டுகிற வேகம் அந்த வேகத்தைப் போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கவே தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் குறைக்காது, கூட்டிவிடும்.

இயல்பு ஆட்டம் 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 ஹெர்ட்ஸில் தட்டினால், தணிப்பைக் கணக்கில் எடுக்காத எளிய சூத்திரப்படி, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உடலுக்குப் போகும். இப்போது ரப்பரைக் கடினமாக்கி இயல்பு ஆட்டத்தை 18 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறீர்கள். அதே 25 ஹெர்ட்ஸ் தட்டு இப்போது 1.08 மடங்காகப் போகும். ரப்பரே இல்லாமல் இருந்திருந்தால் ஒரு மடங்கு! காசு கொடுத்து அதிர்வு வாங்கியிருக்கிறீர்கள்.

நேர்வரிசை ஆறு சொல்வதும் பொய் இல்லை. அவருக்கு ஆறு சிலிண்டர், சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 700 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் 35 ஹெர்ட்ஸ். அதே 18 ஹெர்ட்ஸ் மவுண்டிங்கில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் போகிறது. போதாக்குறைக்கு நேர்வரிசை ஆறில் பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை அசைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும். அவர் எதைப் போட்டாலும் தாங்கும். அவர் அனுபவம் உங்களுக்கு உதவாது.

5. சும்மா வந்தவன்

நெம்புகோல் சார், அப்படியென்றால் மூன்று சிலிண்டர்க்காரன் கதி? என்னுடையது அதுதான்.

6. நெம்புகோல்

சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. 750 ஆர்.பி.எம்.மில் 18.75 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸ் மவுண்டிங்கிலேயே ஐந்தில் இரண்டு பங்கு உள்ளே வந்துவிடும். அதனால்தான் மூன்று சிலிண்டர் காரில் மவுண்டிங் இன்னும் இளக்கமாக இருக்கும், ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கி வைப்பதும் உண்டு. இது போக, ஓரத்துப் பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்வதால் என்ஜின் நீளவாக்கில் ஏற்றப்பலகை போல ஏறி இறங்கப் பார்க்கும். சிலர் அதற்கென்று ஒரு சமநிலைத் தண்டு வைக்கிறார்கள். சிலர் ஃப்ளைவீலிலும் முன்புறப் புல்லியிலும் வேண்டுமென்றே எடையை ஒரு பக்கமாக வைத்து, அந்த ஆட்டத்தின் திசையையாவது மாற்றிவிடுகிறார்கள்.

ஒரு சுவாரசியம். இயல்பு ஆட்டம் 10 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், எளிய சுருள்வில் கணக்கில் என்ஜின் எடைக்கு மவுண்டிங் சுமார் 2.5 மி.மீ. அமுங்க வேண்டும். 18 ஹெர்ட்ஸுக்கு 0.8 மி.மீ.கூட இல்லை. ரப்பர் வேகமான அசைவுக்குச் சற்று விறைத்துக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் எண்கள் கொஞ்சம் நகரும். ஆனாலும் பாருங்கள், நல்ல காருக்கும் நடுங்குகிற காருக்கும் இடையில் இருப்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு.

7. பழைய கார்ப்பிரியன்

என்ஜின் எங்கே உட்கார வேண்டும் என்பதில் “சரியான இடம்” என்று ஒன்று இருந்ததே இல்லை, நேர்வரிசை ஆறு அவர்களே. கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் என்ஜின் பின்னால்தான் இருந்தது, ஃப்ளைவீலைப் படுக்க வைத்திருந்தார். நீங்கள் சொல்லும் முன்னால் என்ஜின், நடுவில் கியர்பாக்ஸ், பின்சக்கர இழுவை என்ற அமைப்பு 1891-ல் பானார் எ லெவஸ்ஸோர் நிறுவனம் வைத்தது. அது நன்றாக இருந்ததால் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மவுண்டிங் கதையில் எனக்குப் பிடித்த கட்டம் 1931. கிரைஸ்லர் நிறுவனத்தின் பிளைமவுத் அப்போது நான்கு சிலிண்டர் கார். கிரைஸ்லர்காரர்கள் ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன் மவுண்டிங்கை என்ஜினின் மேல்பக்கமாக உயரத்தில் வைத்தார்கள், பின் மவுண்டிங்கை கியர்பாக்ஸ் அடியில் தாழ்வாக வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது என்ஜினின் எடை மையத்தின் வழியே போகும். என்ஜின் எந்தக் கோட்டைச் சுற்றித் தானாகவே ஆட விரும்புகிறதோ அந்தக் கோட்டிலேயே பிடித்துத் தொங்கவிட்டு, “ஆடு” என்று விட்டுவிட்டார்கள். ஆட்டம் அளவு மீறாமல் இருக்க ஒரு பட்டை வில். அடுத்த வருடமே சிட்ரோயன் அந்த உரிமத்தை வாங்கி, நீந்தும் அன்னப்பறவையைச் சின்னமாக வைத்து விளம்பரம் செய்தது. அன்னம் எதற்கு என்று கேட்டால், மிதக்கும் என்ஜின்!

நண்பர் கேள்விக்குறி பார்த்துப் பயந்தாரே, அந்த ஆட்டம் யாரோ வேண்டுமென்றே கொடுத்தது.

8. கேள்விக்குறி

அருமை. அப்படியென்றால் ஆடுவது தப்பில்லை, அளவு மீறி ஆடுவதுதான் தப்பு. ஆனால் அந்த எலும்பு ராடு ஏன் அப்படிக் கிழிந்து தொங்கியது? எடையைத் தாங்குகிற மேல் மவுண்டிங் இரண்டில் வலது பக்கத்தில் வெடிப்பு மட்டும்தான். ராடு எடையே தாங்கவில்லையே.

9. நெம்புகோல்

எடை ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் வேடிக்கை. சின்ன காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ பக்கம் வரும். அதை மேல் மவுண்டிங் இரண்டும் தோள் கொடுத்துத் தூக்கிக்கொள்கின்றன. என்ஜின் அவற்றின் மேல் உட்காரவில்லை. துணி காயப்போடும் கொடியில் போர்வை தொங்குவது போல இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. அந்தப் போர்வையின் கீழ் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் ராடு.

இப்போது டார்க்கை, அதாவது திருப்பு விசையைப் பாருங்கள். உங்கள் என்ஜின் 110 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்போம். முதல் கியர் 3.5, கடைசி விகிதம் 4. சக்கரத்துக்குப் போவது 1540 நியூட்டன் மீட்டர். முன்சக்கர இழுவையில் என்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே கட்டியாக போல்ட் போடப்பட்டிருக்கின்றன. ஆகவே சக்கரத்தை முன்னால் திருப்புகிற அந்த 1540 முழுவதும் இந்தக் கட்டியைப் பின்னால் திருப்பும். தலை பின்னால் சாய்ந்தது, அடிப்பகுதி முன்னால் போகப் பார்த்தது, ராடு இழுத்துப் பிடித்தது. மேல் மவுண்டிங்கிலிருந்து ராடு 40 செ.மீ. கீழே இருந்தால் அதன் மேல் 3850 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 390 கிலோவைத் தொங்கவிட்ட இழுவை. நீங்கள் ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக இது நடக்கிறது. ரிவர்ஸ் போட்டால் எதிர்ப்பக்கம். ஒன்பது வருடம் தாங்கிய ராடைக் கும்பிட வேண்டும்.

நீளவாக்கு என்ஜினில் டிஃபரென்ஷியல் தனியாகப் பின்னால் இருக்கிறது. அதன் எதிர்விசையை அது தன் சொந்த மவுண்டிங்கில் பார்த்துக்கொள்ளும். என்ஜினும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டியது 110 × 3.5, அதாவது 385 மட்டும். நேர்வரிசை ஆறு, இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு முழு மதிப்பெண்.

10. நேர்வரிசை ஆறு

அதைத்தானே முதலிலேயே சொன்னேன். :)

11. பழைய கார்ப்பிரியன்

அவ்வளவு சீக்கிரம் சிரிக்காதீர்கள். நீளவாக்கு வி8 என்ஜின்களின் பெரிய மவுண்டிங் கதை ஒன்று உண்டு. இடது வலதாக இரண்டு ரப்பர் கட்டிகள். வேகம் பிடிக்கும்போது என்ஜின் உருளப் பார்க்கும். ஒரு பக்கக் கட்டி அமுங்கும், மறுபக்கம் இழுபடும். ரப்பருக்கு அமுக்கம் பிடிக்கும், இழுவை பிடிக்காது. இழுபடுகிற பக்கம் இரும்புத் தகட்டிலிருந்து ரப்பர் பிய்ந்துகொண்டால் என்ஜின் அந்தப் பக்கம் எழும்பும். அறுபதுகளின் செவர்லே கார்களில் அப்படி எழும்பியபோது ஆக்சிலரேட்டர் இணைப்பையும் இழுத்துக்கொண்டு எழும்பியது. அதாவது நீங்கள் காலை எடுத்தாலும் என்ஜின் தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளும். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தீர்வு என்ன தெரியுமா? என்ஜின் மேலே எழும்பாமல் ஒரு இரும்புக் கேபிள் போட்டுக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் ரப்பர் அறுந்தாலும் இரும்போடு இரும்பு கோத்துக்கொண்டு என்ஜினை விடாத மவுண்டிங் பரவலாயிற்று.

குறுக்கு என்ஜினை இவ்வளவு சாதாரணமாக்கியது 1959-ல் வந்த மினி. அலெக் இஸிகோனிஸ் மூன்று மீட்டர் காருக்குள் நான்கு பேரை உட்கார வைக்க என்ஜினைக் குறுக்கே திருப்பினார். கியர்பாக்ஸுக்கு இடம் இல்லை. அதைத் தூக்கி என்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள்ளேயே போட்டார், இரண்டுக்கும் ஒரே எண்ணெய். ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைத்தார். அந்த மினியிலும் என்ஜினை மேலே தடுப்புச்சுவரோடு இணைக்கும் ஒரு ராடு உண்டு. அதன் புஷ் தேய்ந்தால் கிளட்சை விடும்போது கார் குதிரை போல விட்டு விட்டுப் பாயும். உங்கள் ராடின் பெரியப்பா அது.

ஆனால் இன்று நம் கார்கள் மினி மாதிரி இல்லை. 1964-ல் ஃபியட்டின் தாந்தே ஜியாகோஸா, ஆட்டோபியான்கி பிரிமுலாவில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசையில் வைத்தார். 1969-ல் ஃபியட் 128 அதையே பெரிய அளவில் கொண்டுபோனது. இன்று நீங்கள் எந்தச் சின்ன காரின் பானெட்டைத் திறந்தாலும் தெரிவது ஜியாகோஸாவின் வரைபடம்தான். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால், சக்கரத்தைத் திருப்பும் தண்டுகளான டிரைவ்ஷாஃப்ட்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சக்தி அதிகமான காரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். நீளமான பக்கத்தில் இடையே ஒரு தண்டு வைத்து, அதன் பேரிங்கை என்ஜின் பிளாக்கிலேயே போல்ட் போட்டு, இரண்டு ஷாஃப்ட்டையும் சமமாக்கியது பிற்பாடு வந்த வைத்தியம்.

12. சும்மா வந்தவன்

சில என்ஜின் நேராக நிற்காமல் சாய்ந்து படுத்திருக்கிறதே, அது மவுண்டிங் போனதாலா, பிறவியிலேயே அப்படியா?

13. பழைய கார்ப்பிரியன்

பிறவியிலேயேதான்! பானெட் உயரத்தைக் குறைக்கவும், காற்றுக் குழாய்களுக்கு இடம் கிடைக்கவும் சாய்ப்பார்கள். கிரைஸ்லரின் ‘ஸ்லாண்ட் சிக்ஸ்’ 30 டிகிரி சாய்ந்தது. பிஎம்டபிள்யூவின் பழைய எம்10 நான்கு சிலிண்டரும் 30 டிகிரிதான். டொயோட்டா பிரிவியாவில் 75 டிகிரி சாய்த்து, முன் இருக்கைகளுக்கு அடியில் தரையோடு தரையாகப் படுக்க வைத்துவிட்டார்கள். 1997-ல் வந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸில் சாய்த்ததற்குக் காரணமே வேறு. நேருக்கு நேர் மோதினால் என்ஜின் கால்களை நோக்கி வராமல் தரைக்கு அடியில் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக.

கீழே இறக்குவதற்கும் எல்லை உண்டு. சம்ப் தரையில் இடிக்கக் கூடாது. கிராங்க் நடுக்கோடு எவ்வளவு தாழலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளட்சின் விட்டம். பந்தயக் காரில் கையகல கிளட்ச் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

14. கேள்விக்குறி

பந்தயக் கார் என்றதும் ஞாபகம் வந்தது. அவற்றில் என்ஜினை நேராக போல்ட் போடுகிறார்களே? அப்போது என் கேள்வி முட்டாள்தனம் இல்லைதானே?

15. நெம்புகோல்

இல்லவே இல்லை. 1967-ல் லோட்டஸ் 49-ல் காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜினை டிரைவர் அறையின் பின்சுவரில் நேரடியாக போல்ட் போட்டார்கள். பின் சஸ்பென்ஷன் விசையெல்லாம் என்ஜினும் கியர்பாக்ஸும் வழியாகத்தான் வரும். என்ஜினுக்குப் பின்னால் சட்டமே கிடையாது, என்ஜின்தான் சட்டம். முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்தார். டிராக்டரும் இதே கதைதான். 1917 ஃபோர்ட்சனிலேயே என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் உறைகளை ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு அதையே முதுகெலும்பாக்கிவிட்டார்கள். பந்தயக் காரில் ஓட்டுபவர் சிக்னலில் நிற்பதில்லை. டிராக்டரில் ஓட்டுபவர் ஏற்கெனவே குலுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் இரண்டிலும் இல்லை.

16. சும்மா வந்தவன்

இன்னொன்று. என் காரின் வலது மவுண்டிங்கைச் சுற்றிக் கருப்பாக ஈரம் கசிந்திருக்கிறது. என்ஜின் ஆயில் இல்லை, விரலில் வழுவழுப்பு இருக்கிறது, ஆயில் வாடை இல்லை. ரப்பருக்குள் ஏது தண்ணீர்?

17. கிரீஸ் கை

ஹைட்ராலிக் மவுண்டிங். உள்ளே கிளைக்கால் என்ற ரசாயனத் திரவமும் தண்ணீரும். கசிந்தால் போச்சு. மாற்ற வேண்டியதுதான், திரும்ப நிரப்ப முடியாது.

18. நெம்புகோல்

அண்ணன் சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. இரண்டு விரோதமான ஆசைகளை ஒரே கட்டியில் அடக்கப் பார்த்ததன் விளைவு இது. ஐட்லிங்கில் வருகிற சின்ன, வேகமான நடுக்கத்துக்கு மவுண்டிங் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் என்ஜின் பெரிதாகத் துள்ளும், அப்போது கெட்டியாகப் பிடிக்க வேண்டும். வெறும் ரப்பருக்கு இரண்டு முகம் கிடையாது. அதனால் உள்ளே மேலும் கீழுமாக இரண்டு அறை, நடுவில் வளைந்து வளைந்து போகிற ஒரு குறுகிய வழி. பெரிய அசைவில் திரவம் அந்த வழியே திணறிக்கொண்டு ஓடி ஆட்டத்தை அடக்கும். சின்ன அசைவுக்கு நடுவில் ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அது மட்டும் மேலும் கீழும் ஆடி சமாளித்துக்கொள்ளும், திரவம் நகரவே வேண்டாம்.

இதற்கு மேலும் போனவர்கள் உண்டு. ஹோண்டா 2003 இன்ஸ்பயரில் வி6-ன் மூன்று சிலிண்டர்களை அணைத்துவிட்டு ஓட வைத்தபோது வந்த நடுக்கத்தை, மவுண்டிங்குக்குள்ளேயே எதிர்நடுக்கம் உண்டாக்கி அடித்தார்கள். போர்ஷே 2009-ல் காட்டிய 911 ஜிடி3-ல் காந்தம் பட்டால் கெட்டியாகும் திரவம். வளைவில் விறைத்துக்கொள்ளும், நிதானமாகப் போனால் இளகிக்கொள்ளும். விறைப்பானது வேண்டுமா இளக்கமானது வேண்டுமா என்று நாம் இந்த இழையில் போடும் சண்டையை அவர்கள் மின்சாரம் வைத்து முடித்துவிட்டார்கள்.

19. கிரீஸ் கை

கதை எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் இரண்டாவது பதிவில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

20. கேள்விக்குறி

மன்னிக்கவும் அண்ணே, பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போயிற்று. சம்ப் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். பழைய மவுண்டிங்கைக் கழற்றி, புதியதை வைத்து, எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டுத்தான் ஜாக்கியை இறக்கினேன். என்ஜின் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். ராடையும் அப்போதே முடித்துவிட்டேன்.

21. கிரீஸ் கை

நினைத்தேன். ராடு கடினமானது பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான்.

மவுண்டிங்குக்கு நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை நீங்கள் எந்த நிலையில் இறுக்குகிறீர்களோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. என்ஜினை ஜாக்கியில் தூக்கி வைத்து இறுக்கிவிட்டு இறக்கினால், ரப்பர் பிறந்ததிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும். மவுண்டிங்கில் என்ஜின் அளவு மீறிப் போகாமல் தடுக்கத் தடுப்பு வைத்திருப்பார்கள். ரப்பர் ஒரு பக்கம் ஒருக்களித்துப் போய் அந்தத் தடுப்பில் முட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு அது ரப்பர் இல்லை, இரும்பு. ஐட்லிங் முழுசாக உள்ளே வரும். புது மவுண்டிங் ஆறு மாதத்தில் கிழியவும் செய்யும். கடைக்காரனைத்தான் திட்டுவார்கள்.

மவுண்டிங் இரண்டு பக்கத்திலும் இடைவெளி பாருங்கள். ஒரு பக்கம் விரல் போகிறது, மறுபக்கம் காகிதம் போகவில்லை என்றால் அதேதான்.

செய்ய வேண்டியது: ஜாக்கியைச் சும்மா தொடுகிற மாதிரி கொடுங்கள். சம்ப் நடுவில் வேண்டாம், தகடு நசுங்கும், கியர்பாக்ஸ் சேரும் ஓரத்தில் பெரிய கட்டை வையுங்கள். மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். ராடு போல்ட்டையும் தளர்த்துங்கள். ஜாக்கியை மெதுவாக விட்டு என்ஜின் தன் எடையில் தானே உட்காரட்டும். கையால் முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டுங்கள். எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் இடம். அங்கே வைத்து எடை தாங்கும் மவுண்டிங்குகளை இறுக்குங்கள், ராடு கடைசி. உங்கள் காரின் கையேட்டில் வரிசை வேறாக இருந்தால் அதுதான் சரி, நான் சொல்வது இல்லை. டார்க் ரெஞ்ச் கட்டாயம். சில போல்ட்டுகளைக் கோணம் வைத்து இறுக்கச் சொல்லியிருப்பார்கள், அவை ஒருமுறைக்குத்தான், புதிது போட வேண்டும்.

இடது பக்கம், கியர்பாக்ஸ் மேல் இருப்பதையும் பாருங்கள். இரண்டு மாற்றி ஒன்று பழையதாக விட்டால் அதற்குத்தான் அடி.

22. நேர்வரிசை ஆறு

நியாயமான பேச்சு. என் மெக்கானிக்கும் என்னுடையதை இறுக்கும் முன்னால் என்ஜினைப் பிடித்து ஆட்டினார். எதற்கு என்று அன்று புரியவில்லை.

23. சும்மா வந்தவன்

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தலைவலியெல்லாம் தீர்ந்துவிடும், இல்லையா?

24. நெம்புகோல்

ஐட்லிங் தீரும். வேறு வரும். மோட்டாரின் டார்க் மிதித்த கணத்திலேயே முழுசாக வரும், காலை எடுத்தால் மின்சாரம் திரும்பப் பிடிக்கும்போது எதிர்ப்பக்கம் வரும். ராடு மாதிரி ஒன்று அங்கேயும் தேவை. அப்புறம், நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் ஆரம்பித்து ஆயிரங்களுக்குப் போகும் ஒரு மெல்லிய ஊளைச் சத்தம். பெட்ரோல் என்ஜின் சத்தத்தில் அது காதிலேயே விழாது, இங்கே அதை மறைக்க எதுவும் இல்லை. அதனால் பலர் மோட்டாரை சப்ஃப்ரேமில் ரப்பர் வைத்துப் பிடித்து, சப்ஃப்ரேமை உடலோடு மறுபடி ரப்பர் வைத்துப் பிடிக்கிறார்கள்.

25. கேள்விக்குறி

நாலு நாள் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது.

முதலில் இடைவெளி பார்த்தேன். வலது மவுண்டிங்கில் முன்பக்கம் தாராளமாக விரல் நுழைகிறது, பின்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது. அண்ணன் காரைப் பார்க்காமலே சொன்னது! போல்ட்டைத் தளர்த்தி ஜாக்கியை விட்டதும் என்ஜின் ‘டக்’ என்று ஒரு அசைவு அசைந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே பாதி நிம்மதி. ஆட்டி, நிறுத்தி, இறுக்கினேன். இப்போது இரண்டு பக்கமும் இடைவெளி ஏறக்குறைய ஒன்று.

ஸ்டீயரிங் நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. ஏசி போட்டால் மட்டும் கொஞ்சம் இருந்தது. சரி என்று பாலியூரித்தேன் ராடைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ரப்பர் ராடு போட்டேன். அதுவும் போய்விட்டது. பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் ஒன்றாகத்தான் தெரிகிறது.

கிளட்ச் விட்டால் என்ஜின் இன்னும் கொஞ்சம் தலையாட்டுகிறது. முன்பு ஒரு சாண் என்றால் இப்போது இரண்டு விரல். அது இருக்கலாமா?

26. கிரீஸ் கை

இருக்கலாம். ஒரு பக்கம் போய் மெத்தென்று நின்று திரும்பினால் சரி, இடித்துக்கொண்டு நின்றால் சரியில்லை. அடுத்த தடவை சோதிக்கும்போது காருக்கு முன்னால் நிற்காதீர்கள், ஓரமாக நின்று பாருங்கள். தம்பி கிளட்சை முழுசாக விட்டுவிட்டால் என்ன ஆகும்?

27. சும்மா வந்தவன்

என் மவுண்டிங் நாளைக்கு வருகிறது. மரக்கட்டை தேடிக்கொண்டிருக்கிறேன்.

28. கேள்விக்குறி

ஒரு பாலியூரித்தேன் ராடு சும்மா கிடக்கிறது. நேர்வரிசை ஆறுக்கு வேண்டுமா?

29. நேர்வரிசை ஆறு

என் என்ஜினில் அதை மாட்ட இடமே இல்லை. சந்தோஷமாக மறுக்கிறேன்.